யூனிஸ் ஃபூட்: ஒரு சுருக்கத்தில் உயிர் தப்பிய கண்டுபிடிப்பு

முன்னுரை

சுற்றுச்சூழல் விஞ்ஞானத்தில் ஆய்வு செய்யப் புகுபவர் முதலில் கையில் எடுப்பது வெப்பமானியையோ நீர் மாதிரி எடுக்கும் போத்தலையோ அல்ல. தான் கேட்கப்போகும் கேள்வியை இதற்கு முன் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அந்தத் தேடல் இன்று பெரும்பாலும் ஆய்வுச் சுருக்கங்களைத் திரட்டி வைத்திருக்கும் தரவுத்தளங்களில் நடக்கிறது. ஒரு கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பெயர், சஞ்சிகையின் பெயர், ஆண்டு, ஒரு பந்தியில் அதன் சாரம், சில குறிச்சொற்கள் எல்லாம் சேர்ந்தது ஒரு பதிவு. இப்படிப் பல இலட்சம் பதிவுகள் சேர்ந்தது ஒரு தரவுத்தளம். தேடுபவர் தட்டச்சும் சொல் பதிவில் இருந்தால் கட்டுரை அகப்படும். இல்லாவிட்டால் அந்தக் கட்டுரை இருப்பதே அவருக்குத் தெரியாது.

கனடாவில் சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்களுக்கு இத்தகைய தேடலில் நான் பல வருடங்களாக உதவி வருகிறேன். அரை மணி நேரம் தேடிவிட்டு, இந்த விடயத்தில் ஆய்வே நடக்கவில்லை என்று வந்து சொல்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் தேடல் விதிகளைச் சொல்வதற்கு முன்பு யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணியின் வாழ்க்கையைச் சொல்வது வழக்கம். கரியமில வாயு வளிமண்டலத்தில் கூடினால் பூமி சூடாகும் என்று 1856ஆம் ஆண்டிலேயே அச்சில் எழுதியவர் அவர். காலநிலை விஞ்ஞானிகள் அவரை அறிந்துகொள்ள 2011ஆம் ஆண்டு வரை, அதாவது 155 வருடங்கள் சென்றன. அவருடைய கட்டுரை எரிக்கப்படவில்லை, தடைசெய்யப்படவும் இல்லை. நூலகத் தட்டுகளில் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில்தான் இருந்தது. அப்படியிருந்தும் ஏன் அகப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பிறப்பும் கல்வியும்

யூனிஸ் நியூட்டன் 1819ஆம் ஆண்டு யூலை 17ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கோஷன் என்ற ஊரில் பிறந்தார். தந்தையின் பெயர் ஐசாக் நியூட்டன். பெயரைப் பார்த்து வாசகர்கள் வியப்படைய வேண்டாம். புவியீர்ப்புக்குப் பெயர்போன ஆங்கிலேய மேதைக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் இவர். குடும்பம் பின்னர் நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஈஸ்ட் புளூம்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தது.

பெண்களுக்குத் தையலும் சங்கீதமும் போதும் என்று பெரும்பாலானோர் எண்ணிய காலம் அது. யூனிஸுக்கு ஒரு நல்வாய்ப்புக் கிடைத்தது. எம்மா வில்லார்ட் என்ற கல்வியாளர் 1821இல் ட்ரோய் நகரில் தொடங்கிய பெண்கள் கலாசாலையில் 1836 முதல் 1838 வரை அவர் படித்தார். அதே நகரில் ரென்சிலர் விஞ்ஞானப் பாடசாலை இருந்தது. அதை நடத்திய ஏமொஸ் ஈட்டன், மாணவர்கள் புத்தகத்தைப் பாடமாக்காமல் தம் கையாலேயே பரிசோதனை செய்து கற்க வேண்டும் என்ற கொள்கையுடையவர். பெண்களுக்கும் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும் என்று நம்பியவர். கலாசாலைப் பெண்களுக்கு அந்தப் பாடசாலையின் விஞ்ஞான விரிவுரைகளும் எட்டின. இரசாயனத்தையும் பௌதிகத்தையும் கையால் செய்து பழகிய பெண்கள் அக்காலத்து அமெரிக்காவில் மிகச் சிலரே. யூனிஸ் அவர்களில் ஒருவர்.

1841 ஓகஸ்ட் மாதம் எலிஷா ஃபூட் என்ற வழக்கறிஞரை மணந்தார். எலிஷாவும் விஞ்ஞான நாட்டமும் இயந்திரங்களில் ஈடுபாடும் கொண்டவர். மேரி, ஒகஸ்டா என்று இரண்டு பெண்பிள்ளைகள் 1842இலும் 1844இலும் பிறந்தார்கள்.

செனெகா ஃபோல்ஸ் மாநாடு

ஃபூட் தம்பதியினர் குடியேறிய செனெகா ஃபோல்ஸ் என்ற சிறு நகரம் பெண்ணுரிமை வரலாற்றில் அழியாத இடம் பெற்றது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட அமெரிக்காவின் முதலாவது பெண்ணுரிமை மாநாடு 1848 யூலை 19ஆம், 20ஆம் திகதிகளில் அங்கு கூடியது. மாநாட்டின் முன்னணியில் நின்ற எலிசபெத் கேடி ஸ்டான்டனின் தந்தையிடம்தான் எலிஷா சட்டம் பயின்றிருந்தார். மாநாட்டின் பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையொப்பமிட்டனர். பெண்களின் பட்டியலில் ஐந்தாவது பெயர் யூனிஸ் நியூட்டன் ஃபூட். ஆண்களின் பட்டியலில் எலிஷாவின் பெயரும் உண்டு. மாநாட்டு நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடும் குழுவிலும் யூனிஸ் இருந்தார்.

இந்தக் கையொப்பத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். யூனிஸின் பெயர் முற்றாக மறையாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவர் பிற்காலத்தில் எந்த அலுமாரியில் வைக்கப்பட்டார் என்பதற்கும் இதுவே காரணம்.

இரண்டு கண்ணாடி உருளைகள்

யூனிஸ் தம் பரிசோதனைக்குப் பயன்படுத்திய கருவிகள் மிக எளியவை. நான்கு அங்குல விட்டமும் முப்பது அங்குல நீளமும் கொண்ட ஒரே அளவான இரண்டு கண்ணாடி உருளைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வெப்பமானிகள், காற்றை வெளியேற்றவும் அமுக்கவும் ஒரு பம்பு. உருளைகளில் வெவ்வேறு நிலையில் உள்ள காற்றையோ வெவ்வேறு வாயுக்களையோ நிரப்பி, வெயிலிலும் நிழலிலும் வைத்து, வெப்பநிலை எப்படி ஏறுகிறது இறங்குகிறது என்று குறித்துக்கொண்டார்.

மூன்று விடயங்களை அவர் சோதித்தார். காற்று அடர்த்தியாக இருந்தால் வெயிலில் அதிகமாகச் சூடாகிறது, ஐதாக இருந்தால் குறைவாகச் சூடாகிறது என்பது முதலாவது. உலர்ந்த காற்றைவிட ஈரமான காற்று அதிகம் சூடாகிறது என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் முக்கியமானது. வாயுக்களை ஒப்பிட்டபோது ஐதரசன் 104 ஃபாரன்ஹைட் பாகைக்கும், சாதாரண காற்று 106 பாகைக்கும், ஒட்சிசன் 108 பாகைக்கும் சூடேறின. கரியமில வாயுவோ 125 பாகையை எட்டியது. செல்சியஸில் சொன்னால் மற்றவை 40 முதல் 42 பாகை வரை நிற்க, கரியமில வாயு மட்டும் ஏறத்தாழ 52 பாகைக்குப் போனது. வெயிலிலிருந்து எடுத்த பின்பும் அந்த உருளை ஆறுவதற்கு மற்றதைப்போல் பல மடங்கு நேரம் எடுத்தது.

இத்துடன் நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல பரிசோதனையாக மட்டும் இருந்திருக்கும். யூனிஸ் ஒரு படி மேலே போனார். இந்த வாயுவாலான வளிமண்டலம் நம் பூமிக்கு உயர்ந்த வெப்பநிலையைத் தரும் என்று எழுதினார். பூமியின் வரலாற்றில் ஏதோவொரு காலத்தில் காற்றில் இந்த வாயுவின் பங்கு இன்றையதைவிட அதிகமாக இருந்திருந்தால், அப்போது வெப்பமும் அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். கண்ணாடி உருளையிலிருந்து கோளத்திற்கும், இன்றிலிருந்து பல கோடி வருடங்களுக்கு முந்திய காலத்திற்கும் சென்ற அந்த வாக்கியத்தில்தான் காலநிலை விஞ்ஞானத்தின் ஒரு விதை இருக்கிறது.

அவருடைய பரிசோதனைக்கு எல்லைகளும் உண்டு. வெயிலில் உள்ள கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தெரியாத வெப்பக் கதிர்களையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சூடான பூமி திருப்பி அனுப்பும் நீண்ட அலை வெப்பத்தை வாயு பிடித்து வைப்பதுதான் இன்று நாம் பச்சைவீட்டு விளைவு என்று சொல்வது. கண்ணாடியே அந்தக் கதிர்களைத் தடுத்துவிடும் என்பதால் அவருடைய கருவி அதை நேராக அளந்திருக்க முடியாது. ஆனாலும் எந்த வாயு பூமியைச் சூடாக்கக்கூடும் என்பதை அவர் சரியாகச் சுட்டிக் காட்டினார். அதுவரை யாரும் அதைப் பரிசோதனை செய்து சொல்லியிருக்கவில்லை.

அல்பனி, 1856

அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் பத்தாவது வருடாந்தக் கூட்டம் 1856 ஓகஸ்ட் மாதம் நியூயோர்க் மாநிலத் தலைநகரான அல்பனியில் நடந்தது. 23ஆம் திகதி யூனிஸின் கட்டுரை அங்கு வாசிக்கப்பட்டது. வாசித்தவர் யூனிஸ் அல்லர். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளரும் அந்நாட்டின் மிகப் பெரிய பௌதிகவியலாளருமான ஜோசப் ஹென்றி அதை வாசித்தார். விஞ்ஞானத்திற்கு நாடும் இல்லை, ஆண் பெண் என்ற பேதமும் இல்லை என்ற கருத்தில் சில வார்த்தைகளை அவர் முன்னுரையாகச் சொன்னார். செப்டெம்பர் மாதத்து சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ், பெண்களாலும் விஞ்ஞான ஆராய்ச்சி முடியும் என்பதற்கு இந்தப் பரிசோதனைகளை உதாரணமாகக் காட்டிப் பாராட்டியது.

சங்கம் அந்த வருடக் கூட்டத்தின் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிட்ட நூலில் யூனிஸின் கட்டுரை இடம்பெறவில்லை. நவம்பர் மாதத்து அமெரிக்க விஞ்ஞானச் சஞ்சிகையில் அது அச்சானது. 382ஆம் பக்கத்தில் தொடங்கி 383ஆம் பக்கத்தில் முடிந்துவிடும் மிகச் சிறிய கட்டுரை. அதற்கு முன்னால் 377ஆம் பக்கத்திலிருந்து எலிஷாவின் கட்டுரை. அதுவும் சூரியக் கதிர்களின் வெப்பத்தைப் பற்றியதே.

தேடும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் எப்போதும் சற்று நிற்பேன். யூனிஸ் தம் கட்டுரைக்கு இட்ட தலைப்பு, சூரியக் கதிர்களின் வெப்பத்தைப் பாதிக்கும் சூழ்நிலைகள் என்ற பொருள் தருவது. அதில் வாயு என்ற சொல் இல்லை. காற்று இல்லை. வளிமண்டலம் இல்லை. காலநிலை இல்லை. அக்காலத்துக் கட்டுரைகளுக்கு முன்னால் தனியாகச் சுருக்கம் அச்சிடும் வழக்கமும் இல்லை. தலைப்பை மட்டும் வைத்து ஒரு பட்டியல் தயாரித்தால் அந்தக் கட்டுரை ஒளியியலில் சேரும் அல்லது வெப்பவியலில் சேரும். பூமியின் காலநிலையைத் தேடும் ஒருவர் அதைத் திறந்து பார்க்க எந்தக் காரணமும் இல்லை.

பெயரிலும் ஒரு சிக்கல். ஆங்கில எழுத்தில் யூனிஸுக்கும் எலிஷாவுக்கும் முதலெழுத்து ஒன்றே. முதலெழுத்தும் குடும்பப் பெயரும் மட்டும் தரும் பட்டியலில், ஒரே இதழில் அடுத்தடுத்து, ஒரே பொருளில் எழுதிய கணவனும் மனைவியும் ஒருவராகவே தெரிவார்கள்.

கடலுக்கு அப்பால்

மூன்று வருடங்களின் பின், 1859இல், லண்டனில் ஜோன் டிண்டல் என்ற அயர்லாந்து நாட்டுப் பௌதிகவியலாளர் வாயுக்கள் வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை அளந்தார். அவருடைய கருவிகள் யூனிஸின் கருவிகளைவிட மிக நுட்பமானவை. சூடான பொருள் வெளிவிடும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை நீராவியும் கரியமில வாயுவும் உறிஞ்சுகின்றன என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். 1861இல் அவருடைய பெரிய கட்டுரை வெளிவந்தது. யூனிஸின் பெயர் அதில் இல்லை.

டிண்டல் அறிந்தே மறைத்தார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். டிண்டலின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரோலண்ட் ஜாக்சன் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக ஆராய்ந்து, டிண்டல் யூனிஸின் வேலையை அறிந்திருக்கவில்லை என்றே தோன்றுவதாக முடிவு சொன்னார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. அக்காலத்தில் அமெரிக்க விஞ்ஞானத்தை ஐரோப்பா பெரிதாக மதிக்கவில்லை; செய்திகளும் துண்டு துண்டாகவே கடலைக் கடந்தன. 1857இல் லண்டனின் பிலசொஃபிக்கல் மகசின், எலிஷாவின் கட்டுரையை மறுபதிப்புச் செய்தது. அதே இதழில் அடுத்த பக்கத்தில் இருந்த யூனிஸின் கட்டுரையை எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து பக்கம் கப்பலேறியது. அதைத் தொடர்ந்த இரண்டு பக்கம் கரையிலேயே நின்றுவிட்டது.

அதன் விளைவு ஒரு சங்கிலி. 1896இல் சுவீடன் நாட்டு அரீனியஸ் கரியமில வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்டபோது டிண்டலைச் சுட்டினார். 1938இல் காலண்டர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் பூமி சூடாகத் தொடங்கிவிட்டது என்று காட்டியபோது பின்னால் இருந்தது அதே சங்கிலி. ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தேடலை நாங்கள் மாணவர்களுக்கு மிகவும் சிபாரிசு செய்வதுண்டு. யூனிஸ் விடயத்தில் அது பயன்படாது. முதல் கண்ணியில் விடுபட்டவரைக் கடைசிக் கண்ணியிலிருந்து பிடிக்க முடியாது.

மொன்றியலும் அதன் பின்பும்

யூனிஸ் ஒரு கட்டுரையோடு ஓய்ந்துவிடவில்லை. 1857 ஓகஸ்டில் அதே சங்கம் நம்முடைய கனடாவில், மொன்றியல் நகரில் கூடியது. வாயுக்களை அமுக்குவதாலும் விரியவிடுவதாலும் மின்னேற்றம் உண்டாவது பற்றிய யூனிஸின் இரண்டாவது கட்டுரை அந்தக் கூட்டத்தின் தொகுப்பு நூலில் அச்சாகியது. இந்த இரண்டுக்கும் பிறகு அமெரிக்கப் பெண் ஒருவரின் பௌதிகவியல் கட்டுரை வெளிவர 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன்பின் அவருடைய கவனம் கண்டுபிடிப்புகளின் பக்கம் திரும்பியது. நடக்கும்போது சப்பாத்து கிறீச்சிடாமல் இருக்க, பதப்படுத்திய இறப்பரை அடிப்பாகத்தில் நிரப்பும் முறைக்கு 1860இல் தம் பெயரிலேயே ஆக்கவுரிமை பெற்றார். 1864இல் கடதாசி செய்யும் இயந்திரம் ஒன்றிற்கும் ஆக்கவுரிமை கிடைத்தது. எலிஷா 1868இலும் 1869இலும் ஐக்கிய அமெரிக்காவின் ஆக்கவுரிமை ஆணையாளராகப் பதவி வகித்தார். மூத்த மகள் மேரி, அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தத்தை வரைந்தவர்களில் ஒருவரான செனட்டர் ஜோன் ஹென்டர்சனை மணந்தார்.

எலிஷா 1883இல் காலமானார். யூனிஸ் 1888 செப்டெம்பர் 30ஆம் திகதி மசாசூசெட்ஸ் மாநிலத்தில் லெனொக்ஸ் என்ற ஊரில் 69ஆவது வயதில் மறைந்தார். நியூயோர்க் புரூக்ளினில் உள்ள கிரீன்வுட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பட்டியல் வேண்டும் என்று கேட்டவர்

இனி ஒரு விந்தையான செய்தி. உலகில் வெளிவரும் விஞ்ஞானக் கட்டுரைகளுக்கெல்லாம் ஒரு பட்டியல் வேண்டும் என்று 1855இல் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரித்தானிய விஞ்ஞான சங்கத்திற்கு ஒரு யோசனை போனது. அனுப்பியவர் அமெரிக்கரான ஜோசப் ஹென்றி. அடுத்த வருடம் யூனிஸின் கட்டுரையை அல்பனியில் எழுந்து வாசித்த அதே ஹென்றி! அந்த யோசனையின் பலனாக லண்டன் ரோயல் சொசைட்டி 1867 முதல் 1925 வரை 19 பெரிய தொகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கட்டுரைகளைப் பட்டியலிட்டது. இன்றைய தரவுத்தளங்களுக்கெல்லாம் பாட்டன் அது.

ஆனால் அது ஆசிரியர் பெயர் வரிசையில் அமைந்த பட்டியல். பெயர் தெரிந்தால்தான் கட்டுரை கிடைக்கும். பொருள் வரிசையிலும் ஒரு பட்டியல் திட்டமிடப்பட்டது. கணிதம், இயக்கவியல், பௌதிகம் ஆகியவற்றோடு 1914இல் அந்த வேலை நின்றுபோனது. வானிலை, புவியியல், இரசாயனம் ஆகியவற்றுக்கு வரவேயில்லை.

பின்னர் வந்தவை புதிய கட்டுரைகளிலேயே கவனம் செலுத்தின. இரசாயனச் சுருக்கங்களைத் தரும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் 1907இலும், உயிரியல் சுருக்கங்களைத் தரும் பயோலொஜிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் 1926இலும் தொடங்கின. சுற்றுச்சூழல் என்ற துறைக்கென்று பொலுஷன் அப்ஸ்ட்ராக்ட்ஸ் வந்தது 1970இல்தான். கணினிக்கு மாறிய பிறகும் இந்தத் தொடக்க வருடங்களின் நிழல் போகவில்லை. வெப் ஒஃப் சயன்ஸ் தன் விஞ்ஞானப் பதிவுகளை 1900 வரை பின்னோக்கிக் கொண்டுபோயிருக்கிறது. 2004இல் வந்த ஸ்கோபஸில் பெரும்பாலான பதிவுகள் 1970க்குப் பிந்தியவை. 1856 இந்த எல்லைகளுக்கு வெளியே கிடக்கிறது. தேடியவர் முன் தோன்றும் வெறும் திரை, ஆய்வு இல்லை என்று சொல்வதில்லை. என் கூடையில் இல்லை என்று மட்டுமே சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

2011: ஒரு பழைய ஆண்டு நூல்

யூனிஸைக் காலநிலை விஞ்ஞானத்துக்கு மீட்டுக் கொடுத்தது ஒரு சுருக்கம். டேவிட் வெல்ஸ் என்பவர் அந்நாட்களில் ஒவ்வொரு வருடமும் விஞ்ஞானச் செய்திகளைச் சுருக்கி ஓர் ஆண்டு நூலாக வெளியிட்டு வந்தார். 1857ஆம் வருடத்து நூலில், அல்பனிக் கூட்டத்தில் வாசிக்கப்பட்ட யூனிஸின் கட்டுரையையும் சுருக்கித் தந்திருந்தார். நல்ல சுருக்கம் அது. கரியமில வாயு அதிகம் சூடானதை மட்டுமல்லாமல், அந்த வாயு கூடியிருந்த காலத்தில் பூமியும் சூடாக இருந்திருக்கும் என்ற முடிவையும் அவர் விடாமல் சேர்த்திருந்தார்.

ரே சோரன்சன் என்ற ஓய்வுபெற்ற பெற்றோலியப் புவியியலாளரிடம் அந்தப் பழைய ஆண்டு நூல்கள் இருந்தன. அவற்றைப் படித்துக்கொண்டு போகையில் இந்தச் சுருக்கம் அவர் கண்ணில் பட்டது. டிண்டலுக்கு முந்திய காலம் என்பதை உடனே உணர்ந்து, 2011 ஜனவரியில் அமெரிக்கப் பெற்றோலியப் புவியியலாளர் சங்கத்தின் இணைய வெளியீட்டில் ஒரு கட்டுரையாக எழுதினார். எண்ணெய் தேடும் துறையிலிருந்த ஒருவர், அத்துறையின் வெளியீட்டிலேயே, காலநிலை மாற்ற ஆய்வின் முன்னோடியை அடையாளம் காட்டியது காலத்தின் வேடிக்கை.

அதற்கு முன்பு யூனிஸை யாருமே அறிந்திருக்கவில்லையா என்றால், அதுவும் இல்லை. 1978இல் டெபோரா வார்னர் என்ற வரலாற்றாசிரியர் பெண்களின் விஞ்ஞானக் கல்வியைப் பற்றி எழுதியபோது யூனிஸைக் குறிப்பிட்டார். 1992இல் எலிசபெத் ரீட் என்ற விஞ்ஞானி, உள்நாட்டுப் போருக்கு முந்திய அமெரிக்கப் பெண் விஞ்ஞானிகளைப் பற்றிய தம் நூலில் அவருக்கு இடம் கொடுத்தார். செனெகா ஃபோல்ஸ் பிரகடனத்தில் அவர் பெயர் இருப்பதைப் பெண்ணுரிமை வரலாற்றாசிரியர்கள் அறிவர். முன்பு ஓர் அலுமாரியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? யூனிஸ் பெண்கள் வரலாறு என்ற அலுமாரியில் பத்திரமாக இருந்தார். காலநிலை என்ற அலுமாரியைத் திறந்தவர்கள் மற்றதைத் திறக்கவில்லை.

தேடுவோருக்கு

யூனிஸின் கதை முடிந்ததும் மாணவர்களுக்கு நான் காட்டுவது ஒரு சொல்லின் பயணத்தை. 1856இல் யூனிஸ் அந்த வாயுவைக் கார்பொனிக் அசிட் காஸ் என்று எழுதினார். 1896இல் அரீனியஸின் கட்டுரைத் தலைப்பின் ஆங்கில வடிவத்திலும் கார்பொனிக் அசிட் என்றுதான் இருக்கிறது. 1938இல் காலண்டரின் தலைப்பில் கார்பன் டயொக்சைட் வந்துவிட்டது. இன்றைய பெயரை மட்டும் தட்டச்சுபவருக்கு முதல் இரண்டு கட்டுரைகளின் தலைப்புகளும் அகப்படா. பொருள் ஒன்று, பெயர் இரண்டு. பழையதும் புதியதும் தெரிந்தவருக்கே இரண்டு கதவுகளும் திறக்கும்.

தமிழருக்கு இது புரியாத விடயம் அல்ல. கரியமில வாயு என்ற நம்முடைய சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கரி, அமிலம், வாயு என்று அந்தப் பழைய ஆங்கிலப் பெயரோடு சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. யூனிஸ் எழுதிய பெயரை ஆங்கிலம் கைவிட்டுவிட்டது, தமிழ் வைத்திருக்கிறது. இலங்கையில் படித்த நாங்கள் காபனீரொட்சைட்டு என்றோம். தமிழகத்தில் இப்போது கார்பன் டை ஆக்சைடு என்கிறார்கள். எங்களுக்குப் பச்சைவீட்டு விளைவு என்பது அங்கே பசுமை இல்ல விளைவு. தமிழில் ஒரு தரவுத்தளம் கட்டப்படும் நாளில், இந்தப் பெயர்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துவைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தார் எழுதியது மதுரைக்காரருக்குக் கிடைக்காது, மதுரைக்காரர் எழுதியது யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைக்காது.

மற்ற அறிவுரைகள் இந்தக் கதையிலிருந்தே பிறப்பவை. தேடத் தொடங்குமுன் அந்தத் தரவுத்தளம் எந்த வருடத்திலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரு பொருளுக்கு உள்ள எல்லாப் பெயர்களையும் முதலில் ஒரு தாளில் எழுதி, இது அல்லது அது என்ற முறையில் சேர்த்துத் தேடுங்கள். நல்ல தரவுத்தளங்களில் அவற்றுக்கென்றே சொற்களஞ்சியம் உண்டு. அங்கே உங்கள் சொல்லுக்கு எந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரை முழுமையாகவும் முதலெழுத்தோடும் தேடுங்கள். சுற்றுச்சூழல் தரவுத்தளத்தோடு நில்லாமல் மருத்துவம், விவசாயம், வரலாறு ஆகியவற்றையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். சுருக்கத்தை மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள். கட்டுரையின் முக்கியமான வாக்கியத்தைச் சுருக்கியவர் விட்டிருக்கலாம். பழைய சஞ்சிகைகள் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு, உள்ளே இருக்கும் எழுத்தையும் தேடும் வசதியோடு இணையத்தில் கிடைக்கின்றன. யூனிஸின் இரண்டு பக்கங்களை இன்று யாரும் வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம்.

முடிவுரை

2011க்குப் பிறகு யூனிஸுக்கு வரவேண்டிய மதிப்பு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. 2018 மே மாதம் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் அவரைப் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. 2022இல் அமெரிக்கப் புவிப்பௌதிகச் சங்கம் அவர் பெயரில் ஒரு பதக்கத்தை ஏற்படுத்தியது. 2023 யூலை 17ஆம் திகதி, அவருடைய 204ஆவது பிறந்தநாளில், கூகிள் தன் முகப்பில் அவரை நினைவுகூர்ந்தது.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்தது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கியபோது அது 315 பங்கு. 2024இல் 420ஐயும் தாண்டியிருந்தது. யூனிஸ் பூமியின் கடந்த காலத்தைப் பற்றி எழுதிய அந்த வாக்கியம் நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றியதாக மாறிவிட்டது.

என்னிடம் வரும் மாணவர்களில் சிலர் பிற்காலத்தில் தரவுத்தளங்களுக்குச் சுருக்கம் எழுதும் வேலைக்கும், பதிவுகளுக்குக் குறிச்சொல் இடும் வேலைக்கும் போயிருக்கிறார்கள். பெயர் வெளியே தெரியாத, சலிப்புத் தரும் வேலை அது. டேவிட் வெல்ஸ் அந்த ஒரு வாக்கியத்தை இடம் போதாது என்று வெட்டியிருந்தால் சோரன்சன் கண்ணில் பட ஒன்றும் இருந்திருக்காது என்பதை அவர்களுக்கு நினைவூட்டி வைக்கிறேன். தேடுபவர்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இன்னும் சுருக்கம்: ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதுமுன், வேறொரு பெயரில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.